கூட்டம் இல்லாத நாளில் பொந்தியான்

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். தகப்பனார் பணப்பையைத் தடவிப் பார்க்கிறார். தாயாரோ எத்தனை பேருக்குச் சோறு கட்டுவது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார். மூன்று மாதம் பேசி, இரண்டு வாரம் திட்டமிட்டு, விடியற்காலையில் எழுந்து புறப்பட்டுப் போனால் அங்கே காண்பது என்ன? சாலையில் வண்டிகளின் வரிசை, கழிவறையில் வரிசை, சாப்பாட்டுக் கடையில் வரிசை. கடலைப் பார்க்கப் போனவர்கள் பிறர் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். மறுநாள் வேலைக்குப் போகும்போது, ஓய்வு எடுத்த களைப்பே உடம்பில் மிஞ்சுகிறது.

கூட்டம் என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டம் இல்லாவிட்டால் அது தைப்பூசம் ஆகுமா? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாலு ஊர் உறவும் வந்து நெருக்கினால்தான் மனம் நிறைகிறது. அது நாமாகத் தேடிப் போகும் கூட்டம். காற்று வாங்கவும் கண் குளிரவும் போகும் இடத்தில் நம்மைத் தேடி வந்து நெருக்கும் கூட்டம் வேறு. அதைத் தவிர்ப்பது எப்படி என்பதைத்தான், பொந்தியானை எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே பார்க்கப் போகிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் பனிமலைக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடுவது பெரிய கேளிக்கை. நாடு முழுவதும் ஒரே வாரத்தில் மலை ஏறினால் தாங்காது என்று, பிரான்சு தன் பள்ளிகளை மூன்று வட்டாரங்களாகப் பிரித்துக் குளிர்கால விடுமுறையை வெவ்வேறு வாரங்களில் தொடங்கி வைக்கிறது. அங்கே அனுபவப்பட்டவர்கள் பள்ளி விடுமுறை இல்லாத வாரத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். காலையில் முதல் ஆளாகச் சறுக்குகிறார்கள். ஊரே உண்ணும் நேரத்தில் விளையாடி, ஊரே விளையாடும் நேரத்தில் உண்கிறார்கள். பனியைக் கண்ணால் காணாத நமக்கும் இந்தப் பாடம் பொருந்தும். அவர்கள் நாளையும் நேரத்தையும் பார்க்கிறார்கள். பொந்தியானுக்குப் போகிறவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். அது கடல் நீர்.

எப்படிப்பட்ட ஊர்?

ஜோகூர் பாருவிலிருந்து மேற்கே, ஸ்கூடாய் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் பொந்தியான் கெச்சில் பட்டணம். வழியில் பெக்கான் நானாஸ். பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கரிமண் மற்றப் பயிர்களுக்கு அவ்வளவாக ஒத்து வராது. அன்னாசிக்கோ அது தாய் வீடு. சாலையோரக் கொட்டகைகளில் பழங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். போகும்போது வாங்காதீர்கள்; வண்டி முழுவதும் மணத்து, பிள்ளைகள் ‘எப்போது வெட்டுவது’ என்று கேட்டே உயிரை வாங்கிவிடுவார்கள். திரும்பும்போது வாங்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொந்தியானில் வெள்ளை மணலும் நீல அலையும் இல்லை. மலாக்கா நீரிணையின் இந்தக் கரை சேற்றுக் கரை. நீந்திக் குளிக்க ஆசைப்படுவோர் டெசாருவுக்கோ போர்ட்டிக்சனுக்கோ போகட்டும். இது உட்கார்ந்து பார்க்கும் கடல். மேற்கு நோக்கிய கரையாதலால், மாலை ஏழு மணியளவில் கதிரவன் நீருக்குள் இறங்குவதைப் பட்டணத்துக் கடற்கரையில் அமர்ந்து, ஒரு காசு செலவில்லாமல் காணலாம். தெளிந்த நாளில் கடலுக்கு அப்பால் பீசாங் தீவு தெரியும். அதன் உச்சியில் 1886-ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் இருக்கிறது. தீவு ஜோகூருக்குச் சொந்தம். விளக்கை நடத்துவதோ, 1900-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, இன்றுவரை சிங்கப்பூர். இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அடுத்த அரைமணி நேரம் கேள்விகள் ஓயாது.

பட்டணத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் கூக்குப். கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், வீட்டுக்கு வீடு பலகைப் பாதை, எதிரே நீரில் மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகள் என்று அது சீன மீனவர்களின் கம்பம். அங்கிருந்து படகேறி இந்தோனேசியாவின் கரிமுன் தீவுக்குப் போகிறவர்களும் உண்டு. கம்பத்திற்கு நேர் எதிரே, மனிதர் குடியில்லாத கூக்குப் தீவு 647 எக்டேர் பரப்பில் முழுக்க முழுக்கச் சதுப்புக் காடாகக் கிடக்கிறது. மலாய்க்காரர்கள் ‘பாக்காவ்’ என்று சொல்லும் கண்டல் மரங்கள் அவை.

கூக்குப்பையும் தாண்டித் தெற்கே போனால் தஞ்சோங் பியாய். தமிழர்களாகிய நமக்குத் தென்கோடி என்றதும் நினைவுக்கு வருவது குமரிமுனை. அது இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி. நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே இருக்கிறது. தஞ்சோங் பியாயோ ஆசியப் பெருநிலம் முழுவதற்குமே தென்கோடி. நிலநடுக்கோட்டிற்கு 1 பாகை 16 கலை வடக்கே. “சிங்கப்பூர் இன்னும் தெற்கே இருக்கிறதே?” என்று வீட்டுப் பிள்ளை மடக்கக்கூடும். சிங்கப்பூர் தீவு, பெருநிலத்தோடு ஒட்டிய மண் பியாயோடு முடிகிறது.

குமரிமுனையில் விவேகானந்தர் பாறை, 2000-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, படகுக்கு நீண்ட வரிசை. இங்கே கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை, அதன் முடிவில் தென்கோடியைக் குறிக்கும் அடையாளம், அதற்கப்பால் நீரிணையில் நகரும் கப்பல்கள். ஒரு கண்டத்தின் கடைசி மண்ணில் நின்றுகொண்டு, காற்றின் ஓசையை மட்டும் கேட்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் அது எல்லா நாளிலும் கிடைப்பதில்லை.

எந்த நாள்?

முன்பு கூக்குப் ஒதுக்குப்புறமான கம்பம். 1998-இல் துவாசிலிருந்து இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு சிங்கப்பூரிலிருந்து வருவது எளிதாகிவிட்டது. சனிக்கிழமை வந்து, நீர்மேல் விடுதியில் தங்கி, நண்டும் இறாலும் உண்டு, இரவெல்லாம் பாடிக் களித்து, ஞாயிறு நண்பகலில் புறப்படும் கூட்டங்கள் பெருகின. கம்பத்துக்காரர்களுக்கு அது பிழைப்பு, குறை சொல்வதற்கில்லை.

2014 முதல் 2024 முடிய ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். ஆகவே இரண்டு ஊர்க் கூட்டமும் ஓரளவு பிரிந்து வந்தது. 2025 சனவரி முதல் நாளிலிருந்து ஜோகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசு ஊழியருக்கும் அக்கரையில் உள்ளவர்களுக்கும் இப்போது ஒரே ஓய்வு நாள். பழைய நினைவில் ‘ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதோடு சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையையும் கவனிக்க வேண்டும். மார்ச்சில் ஒரு வாரம், சூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆண்டு முடிய. நம் பிள்ளைகளின் விடுமுறை இவற்றோடு மோதாத வாரமாகப் பார்த்துக்கொண்டால் பாதிக் கூட்டம் தானாகக் குறையும். சீனப் புத்தாண்டையும் நோன்புப் பெருநாளையும் ஒட்டிய நாட்களைச் சொல்லவே வேண்டாம்.

மற்ற மாநில வாசகர்களுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் மாநிலத்துக்கு மட்டும் உரிய விடுமுறை ஒன்று இருக்கும். நெகிரி செம்பிலானில் மாநில ஆட்சியாளரின் பிறந்தநாளான சனவரி 14 அப்படிப்பட்டது. அன்று உங்களுக்கு ஓய்வு. ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை நாள். அதுபோலவே ஜோகூர் சுல்தானின் பிறந்தநாளான மார்ச் 23-இல் மற்றவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

ஆனால் எல்லாவற்றிலும் சிறந்தது சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை அல்லது புதன்கிழமை. ‘வேலையை விட்டுவிட்டு வார நாளில் எப்படிப் போவது?’ என்று கேட்பீர்கள். ஆண்டு விடுப்பு எதற்கு இருக்கிறது? 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. வாரம் ஒரு நாள் ஓய்வும் பொது விடுமுறைகளும் இதற்குப் புறம்பானவை.

அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மைத்துனர் வீட்டுக் கல்யாணம், பெரியப்பாவின் கருமகாரியம், கோவில் திருவிழா, பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு. எல்லாம் செய்ய வேண்டியவைதாம், மறுக்கவில்லை. ஆயினும் பத்து நாளும் பிறர் வாசலில் கழிந்து, பெற்ற தாயோடும் கட்டிய மனைவியோடும் அமைதியாக உட்கார ஒரு நாள்கூட மிஞ்சாமல் ஆண்டு முடிந்துவிடுகிறது. பொது விடுமுறையோடு ஒட்ட வைத்து விடுப்பு எடுத்தால் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். அந்தப் பத்தில் ஒன்றைப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குள் வரும் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஒதுக்கி, தோட்ட நிர்வாகத்திடமோ அலுவலகத்திலோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வார நாளில் ஒரு சங்கடமும் உண்டு. ஆள் வராத நாளில் சில கடைகள் அடைத்திருக்கும். படகும் ஆள் சேராமல் புறப்படாமல் இருக்கலாம். தஞ்சோங் பியாய், கூக்குப் தீவு ஆகிய பூங்காக்களில் பழுதுபார்ப்பு வேலை நடக்கும்போது வாயில் மூடியிருப்பதும் உண்டு. முதல் நாளே தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

எந்த நேரம்?

ஞாயிறு தவிர வேறு நாள் வாய்க்காதவர்கள் மனம் தளர வேண்டாம். நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும். எல்லாரும் செய்வது என்ன? பத்து மணிக்குப் பட்டணம், பன்னிரண்டுக்குக் கூக்குப்பில் சாப்பாடு, மூன்று மணிக்குத் தஞ்சோங் பியாய், ஐந்து மணிக்கு வீடு நோக்கி ஓட்டம். இதைத் தலைகீழாக்குங்கள்.

வீட்டிலேயே பசியாறிவிட்டு, தஞ்சோங் பியாய் வாயில் திறக்கும்போது முதல் ஆளாக அங்கே நில்லுங்கள். வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிடலாம். மற்றவர்கள் வந்து சேரும் வேளையில் நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள். பதினோரு மணிக்கே கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுங்கள். கூக்குப்பை இரண்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்கியவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள். சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலிகள் இளைப்பாறும். மாலையில் பொந்தியான் கடற்கரையில் உட்கார்ந்து கதிரவனை வழியனுப்பிவிட்டு, சாலை நெரிசல் தணிந்த பிறகு கிளம்பலாம். ஞாயிறு மாலையில் பாலத்தை நோக்கி விரையும் வண்டிகளோடு நீங்கள் ஏன் போட்டி போட வேண்டும்?

கடல் உணவு உண்பவர்கள் ஒன்றை மறவாதீர்கள். நண்டும் மீனும் எடைக்கு விற்பவை. சமைக்கச் சொல்லுமுன் கிலோ என்ன விலை, தட்டில் எத்தனை கிலோ என்று கேட்டுவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது. கூட்டம் இல்லாத நாளில் கடைக்காரரும் நின்று பதில் சொல்வார். சைவ உணவுக்காரர்கள் வீட்டுப் புளிச்சோற்றை நம்பிப் போவதே மேல்.

நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம்

இனி மூன்றாவது விஷயம். சதுப்புக் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், ‘மரமும் சேறும்தானே, வேறென்ன இருக்கிறது?’ என்று முகம் சுளித்துத் திரும்புவார்கள். அவர்கள் நீர் நிறைந்த வேளையில் போனவர்களாக இருக்கலாம். நீர் வற்றும்போதுதான் அந்த மேடையில் திரை விலகும். கண்டலின் வேர்கள் பந்தல் கால்களைப் போல் ஊன்றி நிற்பது தெரியும். சேற்றில் தவழ்ந்து துள்ளும் சிறு மீன்கள், ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள், அந்த நண்டைப் பிடிக்க இறங்கும் குரங்குகள் எல்லாம் வெளியே வரும். செப்டம்பரிலிருந்து மார்ச்சு வரை வடக்கே குளிருக்கு அஞ்சிப் பறந்து வரும் கரைப்பறவைகள் சேற்றில் இரை தேடும். இவை எதுவும் இரைச்சலுக்கு முன் நிற்பதில்லை. நூறு பேர் கூச்சலிட்டு நடந்தால் சேறு வெறுமையாகிவிடும். நான்கு பேர் பேசாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

இந்தக் கடலில் நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இதைக் கொண்டு ஓர் எளிய கணக்கு போடலாம். இந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நீர் வற்றியிருந்தால், அடுத்த ஞாயிறு அதே வேளையில் பெரும்பாலும் நிறைந்திருக்கும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி வற்றியிருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியும் இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. சேறு நெடுந்தூரம் வெளிப்படும். இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்களில் வேறுபாடு குறைவு. அம்மாவாசைக்கு விரதம் இருக்கும் பாட்டிக்கு, மீனவர்களும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னால் மகிழ்ந்துபோவார். சரியான மணி வேண்டுமானால் அந்த மாதத்து நீர் ஏற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது.

வானத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ‘சுமத்திராக் காற்று’ என்ற புயல்மழை விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வந்து அடிப்பதுண்டு. சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மேற்கே வானம் கறுத்திருந்தால் பொந்தியான் கோப்பிக்கடை ஒன்றில் உட்கார்ந்து காத்திருங்கள், படகேற அவசரப்படாதீர்கள்.

யாருக்காக இந்த அமைதி?

கூக்குப் தீவு, தஞ்சோங் பியாய், பக்கத்துப் பூலாய் ஆற்று முகத்துவாரம் ஆகிய மூன்று சதுப்புக் காடுகளும் 2003 சனவரி 31-ஆம் நாள் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் 2022-இல்தான் அதே பட்டியலில் இடம்பெற்றது. அலையின் வேகத்தைத் தாங்கிக் கரையைக் காப்பவை இந்த மரங்கள். தஞ்சோங் பியாயில் கப்பல்கள் எழுப்பும் அலையால் கரை அரிக்கப்பட்டு, முன்வரிசை மரங்கள் சாய்ந்திருப்பதைப் போகிறவர்கள் கண்ணால் காணலாம். ஒரு கண்டத்தின் கடைசி மண்ணைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாமும் நம் பங்குக்கு ஞெகிழிப் பைகளை அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது. கொண்டுபோன பையிலேயே குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பயணத்துக்கு வழி சொல்லிவிடுகிறேன். லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து பொந்தியானுக்குப் பேருந்து உண்டு. தஞ்சோங் பியாய்க்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டால் செலவு பகிர்ந்துபோகும். நாமே இருபது பேரைத் திரட்டிப் போய், அங்கே ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்!

கூட்டம் இல்லாத இடத்தால் மிகுந்த பயன் அடைபவர்கள் வீட்டில் வாய் திறந்து கேட்காதவர்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு நெரிசலில் நடக்க அச்சம். ‘நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். ஆளில்லாத நடைபாதையில் அவர் தம் போக்கில் நடக்கலாம். நாலடிக்கு ஒருமுறை நிற்கலாம். பின்னால் வருபவர் யாரும் உச்சுக் கொட்ட மாட்டார்கள். காலமெல்லாம் பால்மரக் காட்டில் நடந்த கால்கள் அவை. ஆசியாவின் கடைசி மண் வரைக்கும் அவை ஒருமுறை நடக்கட்டுமே.

நாள்காட்டியை இன்றே இறக்கிப் பாருங்கள். பள்ளி விடுமுறைக்குள் வரும் செவ்வாய்க்கிழமைகளில் எது அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ பக்கத்தில் வருகிறது? அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு முதலில் போய்ப் பாட்டியிடம் சொல்லுங்கள்.